31 லட்சம் பிராங்க் ஸ்பீட்மாஸ்டர்: எண் ஒன்று, பாகங்கள் பல

2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் நடத்திய ஏலத்துக்கு, சுவிஸ் நிறுவனமான ஓமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம் ஒன்று வந்தது. 1957-இல் வெளியான முதல் வகை, ரெஃபரன்ஸ் (மாடல் எண்) 2915-1. ஏலப் பட்டியலில் போட்டிருந்த மதிப்பு 80,000 முதல் 1,20,000 சுவிஸ் பிராங்க். கடைசியில் கமிஷனையும் சேர்த்து 31,15,500 பிராங்குக்குப் போனது. மேல்மதிப்பைப் போல ஏறக்குறைய 26 மடங்கு. அதுவரை எந்த ஓமேகாவும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை.

வாங்கியது ஓமேகாவேதான், பீல் நகரில் இருக்கும் தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-இல் அதே ஓமேகா, அந்தக் கடிகாரம் பல இடங்களிலிருந்து எடுத்த பாகங்களைக் கோத்துக் கட்டியது என்று அறிவித்தது. சேகரிப்பாளர்கள் ‘ஃபிராங்கன்வாட்ச்’ என்று சொல்லும் ரகம். சூரிச்சின் நோயே சூர்ஷர் சைட்டுங் நாளிதழ் இதை வெளியே கொண்டுவந்தது. உள்விசாரணையில் பழைய ஊழியர்கள் மூன்று பேருக்குத் தொடர்பு இருப்பது தெரிந்தது, அவர்களில் ஒருவர் அருங்காட்சியகப் பொறுப்பிலேயே இருந்தவர், குற்றவியல் புகார் கொடுக்கிறோம் என்று ஓமேகா சொன்னது. ஏல நிறுவனமோ, கடிகாரத்தின் எண்ணையும் மாடலையும் தயாரிப்புத் தேதியையும் ஓமேகாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் விற்றோம் என்றது.

யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை, அது நீதிமன்றத்தின் வேலை. எனக்கு இதில் ஆர்வம் வேறு இடத்தில். ஓமேகாவின் ஆவணக்காப்பகம் பதில் சொன்னது, ஏல நிறுவனம் அந்தப் பதிலை அச்சிட்டது, ஏலம் கேட்டவர்கள் அதைப் படித்தார்கள், ஆனாலும் ஒட்டுக்கட்டிய கடிகாரம் ஒன்று உலகச் சாதனை விலைக்குப் போயிருக்கிறது. அந்தப் பதிலில் தவறான வரி ஒன்றுகூட இல்லாமலே இது நடக்க முடியும். பழைய சிக்கலான கடிகாரங்களைச் சேகரிக்கிற எவரும் இதை ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

பெட்டிக்குள் என்ன இருந்தது

2915 என்பது ஸ்பீட்மாஸ்டர் வரிசையின் தொடக்கம். 1957-இல் சீமாஸ்டர் 300, ரயில்மாஸ்டர் இரண்டோடும் சேர்ந்து வந்தது. சுமார் 39 மில்லிமீட்டர் எஃகு கேஸ் (கடிகாரத்தின் கூடு), பட்டையைப் பிடிக்கும் நேரான கொம்புகள், அகலமான அம்புத்தலை கொண்ட மணிமுள். வேகம் கணக்கிடும் டேக்கிமீட்டர் அளவுகோல் அதுவரை டயலின் ஓரத்தில் பொடி எழுத்தாக இருந்தது. இதில் அதை எடுத்து, கண்ணாடியைச் சுற்றியுள்ள எஃகு வளையமான பெசலின் மேல் செதுக்கினார்கள். விண்வெளி, நிலவு என்று பிறகு வந்த புகழெல்லாம் இந்த ரெஃபரன்ஸுக்கு உரியதில்லை. நாசா 1965 மார்ச்சில் தேர்வு செய்தது 105.003 என்ற பின்னாளைய வகையை. 2915-க்கு மதிப்பு வருவது அது முதலில் வந்தது என்பதாலும், குறைவாக மிஞ்சியிருப்பதாலும்தான்.

உள்ளே இருப்பது காலிபர் (இயந்திர வகை) 321. 1940-களின் தொடக்கத்தில், கடிகார இயந்திரங்கள் செய்யும் லெமானியா நிறுவனத்தில் ஆல்பர்ட் பிகே வடிவமைத்த 27 மில்லிமீட்டர் குரோனோகிராஃப் (நிறுத்துக்கடிகாரமாகவும் வேலை செய்யும்) இயந்திரம். லெமானியா இதை 2310 என்று அழைத்தது, ஓமேகாவுக்குள் வந்ததும் 321 ஆனது. சும்மா பெயரைச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை, ஏனென்றால் கையால் சாவி கொடுக்கும் குரோனோகிராஃப்களில் இதைவிட அழகானவை எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. பின்மூடியைக் கழற்றினால் செப்பு நிறப் பூச்சு கண்ணில் படும், அடுத்து நெம்புகோல்களின் கூட்டம், அப்புறம் ஒரு ஓரமாக, சின்னக் கோட்டை மாதிரி நிற்கும் தூண் சக்கரம். இரண்டு மணிப் பக்கமுள்ள பொத்தானை அழுத்தினால் அந்தச் சக்கரம் ஒரு படி நகர்கிறது. ஒரு தூணின் மேல் சாய்ந்து நின்ற நெம்புகோலின் மூக்கு இரண்டு தூண்களுக்கு நடுவில் உள்ள சந்தில் விழுகிறது. விழும்போது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குட்டிச் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி, நடுவில் சும்மா நின்ற சக்கரத்தோடு பல்லுக்குப் பல் கோத்துவிடுகிறது. பல் சரியாகப் பதியாவிட்டால் நொடிமுள் புறப்படும்போதே லேசாகத் துள்ளும், அந்தத் துள்ளலைப் பார்த்தே இயந்திரம் நல்லபடி சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்று ஊகிப்பவர்கள் உண்டு. மறுபடி அழுத்தினால் நிற்கும். நான்கு மணிப் பக்கத்துப் பொத்தான் ஒரு சுத்தியலை விடுவிக்கிறது, அது கேம் எனப்படும் இதய வடிவ உலோகத் துண்டின் மேல் அடிக்கிறது, முள் எங்கே இருந்தாலும் நேராக 12-க்கு வந்து நிற்கிறது. அந்த இதய வடிவத்துக்கு அடோல்ஃப் நிக்கோல் காப்புரிமை வாங்கியது 1844-இல். இன்னும் அதைவிட நல்ல வழி யாருக்கும் கிடைக்கவில்லை.

இதே 2310 அடித்தளத்தைத்தான் பட்டேக் ஃபிலிப் வாங்கி, நுணுக்கமாக மெருகேற்றி, 1986-இல் வந்த 3970-இல் வைத்தது; அது குரோனோகிராஃபோடு நிரந்தர நாட்காட்டியும் (மாத நாட்களையும் லீப் ஆண்டையும் தானே கணக்கில் எடுப்பது) கொண்ட கடிகாரம். வஷெரான் கான்ஸ்டன்டினும் இதைத் தன் பெயரில் பயன்படுத்தியது. ஆக 321 என்பது ஏதோ சாதா எஃகு வாட்ச்சின் இயந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சுவிஸ் உயர்தரக் குரோனோகிராஃப்களின் பெரிய குடும்பத்தில் இது ஒரு கிளை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1968-இல் 861 என்ற இயந்திரம் வந்து இதன் இடத்தைப் பிடிக்கும் வரை ஓமேகா இதைத் தொடர்ந்து தயாரித்தது, ஸ்பீட்மாஸ்டரில் மட்டுமில்லை, சீமாஸ்டர் குரோனோகிராஃப்களிலும் போட்டது. ஒரு 321-இன் பாகம் இன்னொரு 321-இல் பொருந்தும். சர்வீஸ் செய்பவருக்கு இது பெரிய வசதி. பழைய பொருளின் உண்மையைத் தேடுகிற சேகரிப்பாளருக்கோ தலைவலி இங்கேதான் ஆரம்பம்.

அடையாளம் எந்தப் பாகத்தில் இருக்கிறது

ஒரு வண்டிக்கு எஞ்சின் எண் ஒன்று, சேஸிஸ் எண் ஒன்று என இரண்டு இருந்து, இரண்டும் ஒரே பதிவில் ஏறியிருந்தால், ஒன்றை மட்டும் மாற்றினால் மாட்டிக்கொள்வோம். 1957-இன் ஸ்பீட்மாஸ்டருக்கு அந்த வசதி இல்லை. எட்டு இலக்க வரிசை எண் இருப்பது இயந்திரத்தின் பாலத்தில் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடு) மட்டும்தான். பின்மூடியின் உட்புறத்தில் ரெஃபரன்ஸ் எண் இருக்கும், 2915-1 என்று. ஆனால் அது அந்த வகையில் உள்ள எல்லா மூடிகளிலும் இருக்கும் எண். கேஸுக்கென்று தனி எண் கிடையாது. டயலுக்கு இல்லை, முட்களுக்கு இல்லை, பெசலுக்கு இல்லை.

இப்போது ஆவணக்காப்பகச் சான்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். “இந்த எண்ணுள்ள இயந்திரம் இந்தத் தேதியில் தயாரானது, இந்த மாடலில் பொருத்தப்பட்டது, இந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது” என்கிற மாதிரி இருக்கும். முழுக்க முழுக்க உண்மையான வாக்கியம். அது பேசுவது 1957-இல் தொழிற்சாலையை விட்டுப் போன ஒரு கடிகாரத்தைப் பற்றி. உங்கள் மேஜையில் இருக்கும் கடிகாரத்தின் டயல் அன்றே அதில் இருந்ததா, மணிமுள் அன்றைய முள்தானா, பெசல் எப்போது வந்தது என்பதைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இருக்கவும் முடியாது, எழுதுபவர் கடிகாரத்தைக் கையில் எடுக்காமல் பேரேட்டைப் பார்த்து எழுதுவது அது.

அப்படியென்றால் யாராவது ஒட்டுக்கட்ட நினைத்தால் பாதுகாக்க வேண்டியது ஒரே ஒரு பாலத்தை. மற்ற பாகங்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். ஜெனீவாக் கடிகாரத்தில் துல்லியமாக என்னென்ன மாற்றப்பட்டன என்ற விவரம் வழக்குக்கு உரியது, நான் அதில் ஊகம் செய்யப் போவதில்லை. ஆனால் பாகங்களில் பெரும்பாலானவை உண்மையான ஓமேகா பாகங்கள்தான் என்று ஓமேகாவே சொன்னது. இது முக்கியம். போலி டயல், போலி முள் என்றால் கண்ணாடி வைத்துப் பார்க்கும் நிபுணர் பிடித்துவிடுவார். ஒவ்வொரு பாகமும் அசல், சேர்க்கை மட்டும் பொய் என்றால், எந்தப் பாகத்தைப் பார்த்தாலும் சரியாகத்தான் தெரியும்.

பட்டேக்கின் பழைய கடிகாரங்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1941-இல் வந்த 1518-ஐ எடுத்துக்கொள்வோம். நிரந்தர நாட்காட்டியும் குரோனோகிராஃபும் ஒன்றாகச் சேர்ந்து வரிசையாகத் தயாரான முதல் கைக்கடிகாரம் அது. 1954 வரை 281 மட்டுமே செய்தார்கள், எஃகில் இன்றுவரை அறியப்பட்டவை நான்கே நான்கு. அவற்றில் ஒன்று 2016 நவம்பரில் இதே ஜெனீவாவில், இதே ஃபிலிப்ஸில் 1,10,02,000 பிராங்குக்குப் போனது, அப்போது கைக்கடிகாரங்களில் அதுதான் உச்ச விலை. பட்டேக் தரும் சான்றில் இயந்திரத்தின் எண்ணும் கேஸின் எண்ணும் தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒரே பதிவில். தங்கக் கடிகாரத்தின் இயந்திரத்தை எடுத்து எஃகு கேஸில் வைத்துவிட்டு “ஐந்தாவது எஃகு 1518 கிடைத்துவிட்டது” என்று சொல்ல முடியாது, பதிவேடு உடனே காட்டிக்கொடுக்கும். டயலும் முட்களும் அங்கேயும் மாறலாம், டயலைத் திரும்ப அச்சடித்த பட்டேக்குகள் ஏராளம். ஆனால் இரண்டு முனையிலாவது கயிறு கட்டியிருக்கிறது. ரோலெக்ஸில் கதை வேறு: கேஸில் எண் உண்டு, இயந்திரத்திலும் எண் உண்டு, ஆனால் நிறுவனம் பழைய கடிகாரங்களுக்கு ஆவணக்காப்பகச் சான்றே தருவதில்லை. அதனாலேயோ என்னவோ ரோலெக்ஸ் சேகரிப்பாளர்கள் பாகம் பாகமாகப் பார்த்துப் பழகிவிட்டார்கள், எழுத்துருவின் ஒரு வளைவுக்காக மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். கேலியாகத் தோன்றும், ஆனால் காகிதம் இல்லாத இடத்தில் கண்தான் வளர்கிறது.

இந்த வழக்கில் என் கணிப்பு இதுதான்: காகிதம் இருந்ததால்தான் கண் சோர்ந்தது. தயாரிப்பாளரே உறுதி செய்துவிட்டார், உலகின் பெரிய ஏல நிறுவனம் பட்டியலில் போட்டுவிட்டது, இதற்கு மேல் நான் என்ன பார்ப்பது என்ற மனநிலை. காகிதம் ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தது. படித்தவர்கள் அதை வேறொரு கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

பழுப்பு டயல்

அந்தக் கடிகாரத்தின் முகம் பழுப்பு. கறுப்பாகப் பிறந்த டயல், வெயிலும் ஈரமும் வருடங்களும் சேர்ந்து சாக்லேட் நிறமாக வெளுத்தது என்பது கணக்கு, சந்தையில் இதற்கு ‘டிராபிக்கல்’ என்று பெயர். வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் சாயம் போய்விட்டது என்று விலையைக் குறைப்பார்கள். இங்கே விலை பலமடங்கு ஏறும். ஏறுவதற்குக் காரணமும் புரிகிறது: சீராக, புள்ளி புள்ளியாக இல்லாமல், டயல் முழுக்க ஒரே பதத்தில் பழுத்த டயல் நிஜமாகவே அரிது, பார்க்கவும் மனதை அள்ளும்.

ஆனால் ஒரு குறைபாட்டுக்குப் பல லட்சம் விலை வைத்துவிட்டால், அந்தக் குறைபாட்டைச் செய்துகொடுக்க ஆள் வருவான். சூட்டில் வைத்து டயலைப் பழுக்க வைப்பது சேகரிப்பாளர் வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். உண்மையாகவே பழுத்த டயலைக் கொண்டுவந்து வேறு கடிகாரத்தில் பொருத்துவது இன்னும் எளிது, டயலில் எண்தான் இல்லையே. அதனால் பழுப்பு டயலைப் பார்க்கும்போது நான் டயலை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தை முதலில் பார்ப்பேன். அத்தனை வெயிலைத் தாங்கிய கடிகாரம் என்றால் முட்களில் உள்ள ஒளிர்பூச்சும் அதே வயதைக் காட்ட வேண்டும். டயலின் நிறத்தை மாற்றிய ஈரம் பொத்தான்களின் அடியிலும் கேஸின் உள் விளிம்பிலும் தடயம் எதையும் விடாமல் போயிருக்காது. டயல் மட்டும் அறுபது வருடம் வாழ்ந்து, மற்றவை அலமாரியில் தூங்கியது போல இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

ஒளிர்பூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. 1957-இல் பூசியது ரேடியம் கலந்த கலவை. 1960-களில் டிரிட்டியம் அதன் இடத்துக்கு வந்தது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள், அதனால் கதிர்வீச்சு இன்றும் அப்படியே இருக்கும், கைகர் கருவி சடசடவென்று சொல்லும். ஆனால் அந்தக் கதிர்வீச்சின் அடியில் வருடக்கணக்கில் கிடந்து வெந்துபோன துத்தநாக சல்ஃபைடு இப்போது இருட்டில் ஏறக்குறைய ஒளிராது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டுகளுக்குச் சற்று மேல், அந்தப் பூச்சைப் புறஊதா விளக்கில் காட்டினால் மினுங்கி, விளக்கை எடுத்ததும் சீக்கிரமே அணையும். இந்தக் காலத்துப் பூச்சாக இருந்தால் பச்சையாக எரிந்து வெகுநேரம் நிற்கும். இருட்டறையில் விளக்கைக் காட்டி அணைத்துவிட்டுப் பாருங்கள்: மணிக் குறிகள் ஒரு மாதிரியும் முட்கள் வேறு மாதிரியும் நடந்துகொண்டால், இரண்டும் ஒரே நாளில் பூசப்பட்டவை அல்ல. இதனாலேயே கடிகாரம் பொய் என்று ஆகிவிடாது. பழைய ரேடியம் முட்களைச் சர்வீஸின்போது கழற்றிவிட்டுப் புதியவற்றைப் போடுவது பல இடங்களில் வழக்கமாகவே இருந்தது. முட்கள் மாறியிருக்கின்றன என்பது மட்டும் உறுதி, விலைப்பேச்சு அதற்கேற்ப மாற வேண்டும். ஒரு எச்சரிக்கை, ரேடியம் டயலைத் திறந்து சுரண்டிப் பார்க்கிற வேலை வேண்டாம். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போனால் நல்லதில்லை.

விலை எப்படி ஏறியது

ஏலத்தில் விலை ஏற இரண்டு பேர் போதும். ஒருவர் எப்படியும் வாங்கியே தீருவது என்று உட்கார்ந்திருந்தால், இன்னொருவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே விலை முடியும். மேல்மதிப்பு 1,20,000 என்று நிபுணர்கள் போட்ட பொருளுக்கு 31 லட்சம் விழுகிறது என்றால், ஒன்று நிபுணர்கள் மோசமாகத் தவறியிருக்க வேண்டும், அல்லது சந்தைக்கு வெளியே உள்ள ஏதோ ஒரு காரணத்துக்காக யாரோ கை தூக்கியிருக்க வேண்டும். அன்றைக்கு எல்லோரும் முதல் விளக்கத்தையே விரும்பினார்கள். 2021-இன் கடைசி மாதங்கள் கடிகாரச் சந்தை கொதித்துக்கொண்டிருந்த நேரம், எந்த விலையும் யாருக்கும் ஆச்சரியமாக இல்லை.

ஓமேகாவின் விளக்கம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இது அரிய பொருள், அருங்காட்சியகத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று மேலிடத்தை உள்ளே இருந்தவரே நம்பவைத்து, இடைத்தரகர்களோடு சேர்ந்து வாங்க வைத்தார் என்பது அதன் சாரம். அது உண்மையென்றால், வாங்கச் சொல்லும் குரலும் இந்தக் கடிகாரம் சரியானது என்று சொல்லத் தகுதியுள்ள குரலும் ஒரே ஆளுடையது.

தயாரிப்பாளர்கள் தங்கள் பழைய கடிகாரங்களை ஏலத்தில் வாங்குவது இயல்பான விஷயம், இதில் ஒளிவுமறைவும் தேவையில்லை. எல்விஸ் பிரெஸ்லிக்குச் சொந்தமாக இருந்த ஓமேகா 2018-இல் ஜெனீவாவில் 18,12,500 பிராங்குக்கு விற்றபோதும் வாங்கியது ஓமேகா அருங்காட்சியகம்தான். அங்கே பணம் கொடுத்தது ஒரு மனிதரின் வரலாற்றுக்கு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சேகரிப்பாளராக இருந்து பார்த்தால் ஒரு சங்கடம் உண்டு: அருங்காட்சியகம் நிர்ணயித்த விலையைப் பார்த்து, மறுவாரமே அதே ரெஃபரன்ஸ் வைத்திருப்பவர் எல்லோரும் தங்கள் விலையை ஏற்றுவார்கள். அந்தச் சாதனை விலையில் சந்தை எவ்வளவு, நிறுவனத்தின் பெருமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு விலையை ஆதாரமாக எடுத்துக்கொள்வதற்கு முன்னால் வாங்கியவர் யார் என்று பார்க்க வேண்டும், ஒரே ஒரு விற்பனையை மட்டும் வைத்து ஒரு ரெஃபரன்ஸின் மதிப்பைக் கணக்கிடவே கூடாது.

2019-இல் ஓமேகா 321 இயந்திரத்தை மறுபடி தயாரிக்கப் போவதாக அறிவித்தது, அதே ஆண்டு பிளாட்டினத்திலும் அடுத்த ஆண்டு எஃகிலும் கடிகாரம் வந்தது. அப்பல்லோ 17-இல் விண்வெளி வீரர் யூஜின் செர்னன் அணிந்த ஸ்பீட்மாஸ்டரை டிஜிட்டலாக ஸ்கேன் செய்து உருவாக்கியதாகச் சொன்னார்கள். பழைய 321-க்கு ஓமேகா எவ்வளவு மதிப்பு கொடுத்திருந்தது என்பதற்கு இதுவே போதும். அந்த நேரத்தில் ஒரு பழுப்பு டயல் 2915-1 வருகிறது என்றால் ஆசைப்படாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

மேஜையில் வைத்துப் பார்க்கும்போது

இந்த விவகாரத்துக்குப் பிறகு, சிக்கலான பழைய சுவிஸ் கடிகாரம் ஒன்றைப் பற்றி யாராவது என்னிடம் கருத்துக் கேட்டால், சான்றை முதலில் காட்டாதீர்கள் என்று சொல்கிறேன். முதலில் பாலத்தில் உள்ள எண். நேரே மேலிருந்து எடுத்த படம் போதாது, விளக்கைச் சாய்வாக வைத்துப் பக்கவாட்டில் எடுத்த படம் வேண்டும். எண் செதுக்கிய இடத்தில் உலோகம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தாலோ, பூச்சின் நிறம் பக்கத்துப் பாலத்தோடு ஒத்துப்போகாவிட்டாலோ, இலக்கங்களின் ஆழம் ஒன்றுக்கொன்று மாறினாலோ, பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்து திருகுகள். கடிகாரம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதற்கு அவற்றின் தலையில் உள்ள வெட்டு சாட்சி. எல்லாத் திருகுகளும் தேய்ந்து ஒன்று மட்டும் புத்தம் புதியதாக இருந்தால், அது பிடித்திருக்கும் பாகம் எது என்று பாருங்கள்.

அப்புறம் கேஸ். இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கொம்புகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, பாலிஷ் போட்டுப் போட்டு வழுவழுவென்று ஆகிவிட்டதா என்பதைப் பார்க்கத் தெரியாதவர் இந்த விலையில் இறங்கக்கூடாது. குரோனோகிராஃபை ஓடவிட்டு நிறுத்தித் திருப்பிப் பாருங்கள், மூன்று கணக்குமுட்களும் சரியாகத் தொடக்கத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் அது பழுதுதான், மோசடிக்கு அடையாளம் இல்லை, சர்வீஸ் செலவைக் கழித்துப் பேசினால் போதும்.

நிரந்தர நாட்காட்டி உள்ள கடிகாரம் என்றால் கூடுதலாக ஒரு வேலை. தேதி, கிழமை, மாதம், நிலவு எல்லாமே நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் நகர்பவை. அந்த நேரத்தில் திருத்தும் பொத்தானை அழுத்தினால் பல் உடையும் மாடல்கள் இருக்கின்றன, விற்பவர் “சும்மா காட்டுகிறேன்” என்று அழுத்தத் தொடங்கினால் முதலில் மணிமுள்ளைப் பாருங்கள். பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தாவுகிறதா என்று சோதிக்காமல் வாங்குவது, குரோனோகிராஃபை ஓடவிடாமல் வாங்குவதற்குச் சமம். நல்ல விற்பனையாளர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

இவ்வளவும் பார்த்த பிறகு சான்றை எடுங்கள். எண் பொருந்துகிறதா, மாடல் பொருந்துகிறதா, அனுப்பப்பட்ட நாடு விற்பவர் சொல்லும் கதையோடு ஒத்துப்போகிறதா. அந்தக் காகிதம் சொல்லாதவற்றுக்கு விற்பவரிடமே எழுத்தில் கேளுங்கள்: டயல் இந்தக் கடிகாரத்தோடு பிறந்ததா, முட்கள் எப்போது மாறின, பெசல் எங்கிருந்து வந்தது, பழைய சர்வீஸ் ரசீதுகள் இருக்கின்றனவா. சர்வீஸ் ரசீதுக்கு நான் கொடுக்கும் மதிப்பு பலருக்கு வேடிக்கையாகத் தெரியும். ஆனால் 1980-களில் ஏதோ ஒரு பட்டறைக்காரர் “மணிமுள், நிமிடமுள் மாற்றப்பட்டன” என்று கிறுக்கிவைத்த ரசீது, ஆவணக்காப்பகச் சான்று தொடாத நடுக்காலத்தைப் பற்றிப் பேசுகிற ஒரே சாட்சி. அந்தக் கிறுக்கல் விலையைக் குறைக்கும் என்று தெரிந்துதான் பலர் அதைத் தூக்கி எறிகிறார்கள்.

பாகம் மாறிய கடிகாரத்தை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காலத்துக்குப் பொருந்தும் முட்கள் போட்டு, அதை வெளிப்படையாக எழுதி, அதற்குரிய விலையில் விற்கும் 321 ஸ்பீட்மாஸ்டர்கள் நிறைய இருக்கின்றன. அணிந்துகொண்டு நடப்பதற்கு அவை அருமையானவை, பொத்தானை அழுத்தினால் அதே தூண் சக்கரம்தான் நகர்கிறது. பாகம் மாறிய கடிகாரத்தை மாறாததன் விலைக்கு விற்பதில்தான் தகராறு, அப்படி விற்பவர் எப்போதும் முதலில் நீட்டுவது சான்றைத்தான்.